டியூ டேட் தாண்டினால்: 39, 41, 42 வாரக் கணக்குகளின் பின்னணி

ஃபைலில் பிரசவத் தேதி டிசம்பர் 10 என்று எழுதியிருக்கிறது. 11ஆம் தேதி காலையில் வலி இல்லை, பனிக்குடம் உடையவில்லை, ஒன்றுமே இல்லை. அன்று முதல் போன் ஓய்வதில்லை, "இன்னும் ஆகலையா?" என்று ஊரே கேட்கிறது. ஒரு டாக்டர் "ஒரு வாரம் பார்க்கலாம்" என்கிறார். இன்னொருவர் "நாளைக்கே வந்து அட்மிட் ஆயிடுங்க" என்கிறார். தேடிப் படித்தால் குழப்பம் கூடுகிறது. அமெரிக்க ஆய்வு ஒன்று 39 வாரம் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 41 என்கிறது, பழைய பாடப்புத்தகங்கள் 42 என்கின்றன.

இந்த எண்கள் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குக் கிடைத்த பதில். எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி, அந்த டிசம்பர் 10 எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாம்.

## தேதி போடும் கணக்கு

கர்ப்பத்தின் வயதைக் கரு உருவான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உருவான நாள் பெரும்பாலோருக்குத் தெரியாது, விலக்கான நாள் நினைவிருக்கும், அவ்வளவுதான் காரணம். அதனால் கணக்கின்படி முதல் இரண்டு வாரத்தில் வயிற்றில் கர்ப்பமே இருக்காது. கருமுட்டை அதற்கப்புறம்தான் வெளிவரும்.

அந்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். 28 நாளை ஒரு மாதமாக வைத்தால் சரியாகப் பத்து மாதம். "பத்து மாசம் சுமந்து பெத்தவ" என்று வீட்டில் சொல்வதும், நாட்காட்டியில் ஒன்பது மாதமும் ஒரு வாரமும் என்று வருவதும் ஒரே கணக்குதான்.

இதை விரலில் போடுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து மகப்பேறு மருத்துவர் ஃப்ரான்ஸ் கார்ல் நேகலே (1778–1851) பெயரால் அது வழங்குகிறது: விலக்கான முதல் நாளோடு 7 நாளைக் கூட்டி, ஒன்பது மாதம் முன்னே போக வேண்டும். மார்ச் 5 என்றால் மார்ச் 12, அங்கிருந்து ஒன்பது மாதம் போனால் டிசம்பர் 12.

ஆனால் ஒவ்வொரு நாளாக 280 எண்ணிப் பாருங்கள், டிசம்பர் 10தான் வரும். மாதங்களுக்கு 28, 30, 31 என்று நாட்கள் மாறுவதால், நேகலே விதி சில மாதங்களுக்கு 280 நாளும் சில மாதங்களுக்கு 283 நாள் வரையும் கொடுக்கும். டாக்டர் மனக்கணக்கில் ஒரு தேதியும் மொபைல் செயலி இன்னொரு தேதியும் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இரண்டு மூன்று நாள் பெரிய விஷயமில்லை. விதிக்குள் இருக்கும் அனுமானம்தான் பெரிய விஷயம்: 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும், 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும். 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குச் சுமார் 21ஆம் நாளில்தான் கருமுட்டை வெளிவரும். அவருக்கு டிசம்பர் 10 என்பது ஒரு வாரம் முந்திப் போட்ட தேதி. டிசம்பர் 17 அன்று ஃபைலில் 41 வாரம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அன்றுதான் 40. பி.சி.ஓ.எஸ். (கருமுட்டை ஒழுங்காக வெளிவராத சினைப்பைக் கோளாறு) உள்ளவர்கள், ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கர்ப்பமானவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய கையோடு கர்ப்பமானவர்கள், இவர்களுக்கெல்லாம் மாதவிலக்குக் கணக்கு காலை வாரிவிடும்.

தேதி தாண்டியதாகத் தோன்றும் கர்ப்பங்களுக்கு முதல் காரணம் இதுதான்: தேதியே தப்பு. "எத்தனை நாள் தாண்டியது" என்று கேட்பதற்கு முன் "எந்தத் தேதியிலிருந்து" என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்.

## ஒரே ஃபைலில் மூன்று தேதி

ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் ரிப்போர்ட்டின் அடியில் ஒரு பிரசவத் தேதி அச்சாகி வரும். ஒவ்வொரு முறையும் அது மாறும். எதை நம்புவது?

1. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன். கருவின் தலை உச்சியிலிருந்து புட்டம் வரை உள்ள நீளத்தை அளப்பார்கள், ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்கும். இந்தப் பருவத்தில் கருக்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்வதால் கணக்கு ஐந்து முதல் ஏழு நாளுக்குள் சரியாக இருக்கும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிமுறைப்படி, 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கோடு 5 நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 9 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை என்றால் 7 நாளுக்கு மேல்.

2. ஐந்தாம் மாத ஸ்கேன். தலைச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் போன்றவற்றை வைத்துப் போடும் கணக்கு. முதல் ஸ்கேன் இல்லாதவர்களுக்கு இது உதவும், ஆனால் பத்து நாள் வரை முன்பின்னாகலாம்.

3. ஏழாம் மாதத்துக்குப் பிறகு எடுக்கும் வளர்ச்சி ஸ்கேன். இதில் மூன்று வாரம் வரை வித்தியாசம் வரலாம். இந்த நேரத்தில் குழந்தை பெரிதா சிறிதா என்பதைத்தான் மெஷின் அளக்கிறது. அதை வயதாக மாற்றி அச்சடித்துத் தருவது மென்பொருளின் வேலை.

மூன்றாவதில்தான் ஆபத்து இருக்கிறது. 34ஆம் வார ஸ்கேனில் தேதி டிசம்பர் 24 என்று வந்தால், "அப்போ இன்னும் நாள் இருக்கு" என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. தேதி தள்ளிப்போனது போலத் தெரிவதற்குக் காரணம் குழந்தை சரியாக வளராததாக இருக்கலாம். அப்படியானால் கூடுதல் கண்காணிப்பு தேவைப்படும் கர்ப்பம் அது. முதல் ஸ்கேனை வைத்து உறுதி செய்த தேதியைக் கடைசி மாத ஸ்கேனுக்காக மாற்றக் கூடாது.

## சரியான தேதி போட்டாலும்

தேதி மிகச் சரியாகப் போடப்பட்டாலும் அதே நாளில் பிறப்பது நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 125 கர்ப்பங்களில், தினசரிச் சிறுநீர்ப் பரிசோதனை மூலம் கருமுட்டை வெளியான நாளே தெரிந்திருந்தது. அதாவது மாதவிலக்குக் கணக்கின் தவறு இதில் இல்லை. கருமுட்டை வெளியானதிலிருந்து பிரசவம் வரை நடு மதிப்பு 268 நாள். குறைமாதப் பிரசவங்களை ஒதுக்கிய பிறகும், மிகக் குறைந்த நாளுக்கும் மிக அதிக நாளுக்கும் இடையில் 37 நாள் வித்தியாசம் இருந்தது. ஐந்து வாரத்துக்கு மேல்! பிரசவத் தேதி என்பதை அந்த ஐந்து வாரப் பரப்பின் நடுவில் நட்ட கல்லாக நினைத்துக்கொள்ளலாம்.

தலைப்பிரசவம், முந்தைய பிரசவமும் தள்ளிப்போனது, கர்ப்பத்துக்கு முன்பே உடல் எடை அதிகம், தாயே தாமதமாகப் பிறந்தவர் என்றால் தள்ளிப்போகும் வாய்ப்பு கூடும். வயிற்றில் ஆண் குழந்தை என்றாலும் சற்றுக் கூடும். (அதற்காக, "தள்ளிப்போனால் பையன்தான்" என்று பந்தயம் கட்ட முடியாது. வித்தியாசம் அவ்வளவு சின்னது.)

வலியைத் தொடங்கி வைப்பது யார் என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. குழந்தைக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதற்கு வலுவான தடயம் ஆடுகளிடமிருந்து வந்தது. 1960களில் நியூசிலாந்தின் கிரஹாம் லிக்கின்ஸ், செம்மறி ஆட்டின் வயிற்றில் இருக்கும் குட்டிக்குக் கார்ட்டிசால் ஹார்மோனைச் செலுத்தியபோது ஆடு முன்கூட்டியே ஈன்றது. மனிதரில் கதை இவ்வளவு நேரானதல்ல. நஞ்சுக்கொடி, குழந்தையின் அட்ரினல் சுரப்பி, தாயின் கருப்பை மூன்றும் சேர்ந்து பல நாட்களாகத் தயாராகின்றன. கருப்பை வாய் மெல்ல மிருதுவாகிறது, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனை ஏற்கும் இடங்கள் கருப்பைத் தசையில் பெருகுகின்றன. நடுவில் வந்து வந்து போகும் சூட்டு வலியும் இந்தத் தயாரிப்பு நடக்கும் நாட்களில் வருவதுதான்.

## "தாண்டியது" என்றால் மருத்துவத்தில் என்ன பொருள்

முன்பெல்லாம் 37 முதல் 42 வாரம் வரை எல்லாமே நிறைமாதம்தான். 2013 முதல் அமெரிக்க மருத்துவர்கள் அதை நான்காகப் பிரிக்கிறார்கள்:

1. 37 வாரம் முதல் 38 வாரம் 6 நாள் வரை: ஆரம்ப நிறைமாதம்.
2. 39 வாரம் முதல் 40 வாரம் 6 நாள் வரை: முழு நிறைமாதம்.
3. 41 வாரம் முதல் 41 வாரம் 6 நாள் வரை: தாமத நிறைமாதம்.
4. 42 வாரமும் அதற்கு மேலும்: நிறைமாதம் கடந்தது.

இதன்படி 40 வாரமும் ஒரு நாளும் ஆனவர் எதையும் தாண்டவில்லை. முழு நிறைமாதத்தின் நடுவில் இருக்கிறார். "டேட் தாண்டிடுச்சு, அதனால ஆபரேஷன்" என்று அந்த ஒரு நாளை மட்டும் காரணமாகச் சொன்னால் அது மருத்துவக் காரணமாகாது. நீர் குறைவு, ரத்த அழுத்தம், துடிப்பில் மாற்றம் என்று வேறு ஏதாவது இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், நாமும் கேட்க வேண்டும்.

## அப்படியானால் ஏன் கவலை?

நஞ்சுக்கொடிக்கு ஆயுள் உண்டு. குழந்தைக்குப் பிராணவாயுவும் உணவும் போகும் ஒரே வழி அதுதான். 41, 42 வாரங்களில் சிலருக்கு அது தளரத் தொடங்கும். முதலில் பனிக்குட நீர் குறையலாம். அந்த நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர் என்பதால், குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் நீரும் குறைகிறது. நீர் குறைந்தால் வலி வரும்போது தொப்புள்கொடி அழுந்தலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்து, அந்தக் கரும்பச்சை நீரை மூச்சில் இழுத்துவிட்டால் நுரையீரலில் சிக்கல். இன்னொரு பக்கம், நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்துகொண்டே இருந்தால் குழந்தை வளர்ந்துகொண்டே போகும். பெரிய குழந்தைக்குத் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும் அபாயம் இருக்கிறது.

நஞ்சுக்கொடி தளர்ந்து, நாள் கடந்து பிறந்த குழந்தையைப் பார்த்தாலே தெரியும். உடம்பில் வெள்ளை மாவு போன்ற பூச்சு இருக்காது. உள்ளங்கை, பாதத்தில் தோல் காய்ந்து உரியும். நகம் விரலைத் தாண்டி நீண்டிருக்கும், மெலிந்த தொடையில் தோல் தொளதொளவென்று இருக்கும். கண்ணை அகல விழித்துப் பார்க்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் வயிற்றிலேயே குழந்தை இறப்பது. இதற்கு நம்மிடம் நல்ல எண்கள் இருக்கின்றன. 1.5 கோடி கர்ப்பங்களின் தரவுகளைத் திரட்டிய 2019ஆம் ஆண்டு ஆய்வில், 37 வாரத்தில் ஆயிரத்துக்கு 0.11 ஆக இருந்த இந்த அபாயம் 42 வாரத்தில் ஆயிரத்துக்கு 3.18 ஆனது. 40இலிருந்து 41 வாரம் வரை காத்திருப்பதால், 1,449 கர்ப்பங்களுக்கு ஓர் இறப்பு கூடுதல்.

இந்த எண்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம், இரண்டும் உண்மை. பல மடங்கு கூடுகிறது என்பது உண்மை. 42 வாரத்திலும் ஆயிரத்தில் 996 பேருக்கு மேல் இந்தத் துயரத்தைக் காண்பதில்லை என்பதும் உண்மை. "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பாட்டியும் "ரிஸ்க் எடுக்காதீங்க" என்று சொல்லும் டாக்டரும் ஒரே எண்ணின் இரண்டு பக்கத்தில் நிற்கிறார்கள். ஆனால் பாட்டி பார்த்தது தன் ஊரின் சில டஜன் பிரசவங்கள்; ஆயிரத்தில் மூன்று என்பது அவ்வளவு சின்னக் கூட்டத்தில் கண்ணில் படாது.

## 42 எப்படி 41 ஆனது

42 வாரம் என்பது "நிறைமாதம் கடந்தது" என்ற பெயர் தொடங்கும் இடம். அதுவரை காத்திருப்பதா, 41இலேயே வலி வரவழைப்பதா என்பதை ஐரோப்பாவில் இரண்டு ஆய்வுகள் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தன. இரண்டும் 2019இல் வெளியாயின.

நெதர்லாந்து ஆய்வில் 1,801 பெண்கள். குழந்தைக்கு ஏதாவது பாதிப்பு ஏற்பட்டது 41 வாரத்தில் வலி வரவழைத்த குழுவில் 1.7 சதவீதம், காத்திருந்த குழுவில் 3.1 சதவீதம். சிசேரியன் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒரே அளவு.

சுவீடன் ஆய்வில் பத்தாயிரம் பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். 2,760 பேரோடு பாதியில் நிறுத்திவிட்டார்கள். காத்திருந்த குழுவில் ஆறு குழந்தைகள் இறந்திருந்தன. 41 வாரத்தில் வலி வரவழைத்த குழுவில் ஒன்றுகூட இல்லை. ஆய்வின் முதன்மைக் கேள்விக்குப் புள்ளியியல்படி பதில் கிடைக்கவில்லை, ஆனாலும் இதைத் தெரிந்த பிறகு இன்னும் ஆயிரக்கணக்கானோரைக் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை என்று முடிவெடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒரு துணுக்குச் செய்தி உண்டு: 41 வாரத்தில் எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கும் வழக்கம் இருந்த ஸ்டாக்ஹோம் பகுதியில் அந்த ஆறு இறப்புகளில் ஒன்றுகூட நிகழவில்லை. ஸ்கேன்தான் காப்பாற்றியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்த்துக்கொண்டே காத்திருப்பதும் பார்க்காமல் காத்திருப்பதும் ஒன்றாக இருக்க முடியாது என்று நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இவ்விரண்டு ஆய்வுகளின் தரவையும் ஒவ்வொரு பெண்ணாகச் சேர்த்து ஆராய்ந்தபோது, 41இல் வலி வரவழைப்பதன் பயன் தலைப்பிரசவக்காரர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே பெற்றவர்களிடம் தெரியவில்லை. 34 ஆய்வுகளையும் 21,000க்கு மேற்பட்ட பெண்களையும் திரட்டிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் தொகுப்பு) இதை வேறு மாதிரிச் சொல்கிறது: நிறைமாதத்திலோ அதைத் தாண்டியோ 544 பேருக்கு வலி வரவழைத்தால் ஒரு குழந்தையின் இறப்பைத் தவிர்க்கலாம்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் முடிந்தவர்களுக்கு வலி வரவழைக்கப் பரிந்துரைக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 41க்கு முன் வேண்டாம் என்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008இல் "41க்கும் 42க்கும் இடையில்" என்று சொல்லியிருந்ததை 2021இல் "41 முதல்" என்று இறுக்கியது.

## 39 எங்கிருந்து வந்தது

இது வேறு கேள்வி. அமெரிக்காவில் 2018இல் வெளியான அரைவ் ஆய்வு, தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த, எந்தச் சிக்கலும் இல்லாத 6,106 பெண்களை எடுத்தது. ஒரு பாதிக்கு 39ஆம் வாரத்திலேயே வலி வரவழைத்தார்கள். சிசேரியன் அவர்களில் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். குழந்தைகளின் நலனில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை.

"வலி வரவைக்க ஊசி போட்டால் கடைசியில் ஆபரேஷன்தான்" என்ற பரவலான நம்பிக்கையை இந்த ஆய்வு அசைத்தது. ஆனால் இதை அப்படியே நம் ஊருக்குத் தூக்கி வர எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்த மருத்துவமனைகளில் வலி வரவழைத்த பிறகு நீண்ட நேரம் பொறுமையாக இருப்பது ஆய்வு முறையிலேயே இருந்தது. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தச் சூழலில் 39ஆம் வாரத்தில் தொடங்கும் பொறுமை எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதுதான் கேள்வி. அதோடு, 39 என்பது அந்த ஆய்வில் விரும்பினால் தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்று. அதற்கு மேல் காத்திருந்தால் ஆபத்து என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

## நமக்கு 41 கொஞ்சம் தாமதமா?

மேலே சொன்ன சுவீடன், நெதர்லாந்து ஆய்வுகளில் பெரும்பாலோர் ஐரோப்பியப் பெண்கள். லண்டனில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெள்ளையினப் பெண்களின் கர்ப்ப கால நடு மதிப்பு 40 வாரம்; தெற்காசியப் பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் 39. தெற்காசியப் பெண்களிடம் கடைசி வாரங்களின் அபாயம் சற்று முன்னதாகவே ஏறத் தொடங்குகிறது என்று ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் தரவுகளும் காட்டுகின்றன.

இதை வைத்து நைஸ் அமைப்பு 2021இல் தன் வரைவில், சிறுபான்மை இனப் பெண்களுக்கு 39 வாரத்திலேயே வலி வரவழைப்பது பற்றிப் பேச யோசனை சொன்னது. கடும் எதிர்ப்பு எழுந்தது. தோலின் நிறத்தை வைத்து சிகிச்சையா, அந்த இறப்புகளுக்கு வறுமையும் கவனிப்புக் குறைவும் காரணமில்லையா என்று மருத்துவச்சிகளும் தாய்மார்களும் கேட்டார்கள். இறுதி வடிவில் அந்தப் பரிந்துரை நீக்கப்பட்டது. கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. நம் டாக்டர்களில் பலர் 40 வாரம் முடிந்ததுமே அடிக்கடி பரிசோதனைக்கு வரச் சொல்வதை வெறும் பதற்றம் என்று தள்ளிவிட முடியாது. பரிசோதனைக்கு அழைப்பதும் அறுவைக்கு அழைப்பதும் வேறு வேறு.

## 41 வரை காத்திருக்கக் கூடாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் சிக்கலில்லாத ஒற்றைக் கர்ப்பத்துக்கு. ரத்த அழுத்தம், கட்டுப்பாட்டில் இல்லாத அல்லது மருந்து தேவைப்படும் சர்க்கரை, வளர்ச்சி குன்றிய குழந்தை, இரட்டைக் குழந்தை, முன்பு வயிற்றிலேயே குழந்தை இறந்தது, தாய்க்கு 40 வயதுக்கு மேல், இவர்களுக்கெல்லாம் தேதியை டாக்டர் முன்னதாகவே முடிவு செய்வார். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் பழைய தையல் பிரியும் அபாயத்தால் வலி வரவைக்கும் சில மருந்துகளையே தொட மாட்டார்கள்.

## காத்திருக்கும் நாட்களில்

1. அசைவு. இதற்கு மெஷின் வேண்டாம். சாப்பிட்டுவிட்டு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு தெரிய வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. அதைவிட முக்கியம், அந்தக் குழந்தையின் வழக்கம் மாறுகிறதா என்பது. "கடைசி மாசம் இடம் இல்ல, அதான் அசைவு கம்மி" என்று சொல்வதை நம்ப வேண்டாம். உதை, புரள்வதாக மாறலாம். எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே போக வேண்டும்.

2. துடிப்புப் பரிசோதனை. வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டி இருபது நிமிடம் போல ஓடவிட்டு, குழந்தை அசையும்போது இதயத் துடிப்பு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். என்.எஸ்.டி. என்பது இதுதான். இன்று நன்றாக இருக்கிறது என்று அது சொல்லும். அடுத்த வாரத்துக்கு உத்தரவாதம் தராது. அதனால்தான் வாரம் இருமுறை.

3. நீர் அளவு. வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து அளந்து கூட்டினால் 5 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும், அல்லது ஆழமான ஒரே பகுதி 2 செ.மீ.யாவது இருக்க வேண்டும்.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது (நீர் பச்சையாக இருந்தால் இன்னும் அவசரம்), விடாத தலைவலியோடு கண் மங்கல், விட்டு விட்டு வராமல் ஒரேயடியாகப் பிடிக்கும் வயிற்று வலி, காய்ச்சல்: இவற்றுக்குத் தேதி பார்க்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை. சீரகக் கஷாயம் குடித்து நின்றால் சூட்டு வலி, நிற்காமல் கூடினால் பிரசவ வலி என்று பார்ப்பது பல வீடுகளில் வழக்கம். கெடுதல் இல்லை, வலியை வரவழைக்கவும் செய்யாது. கடைசி வாரங்களில் தினமும் பேரீச்சம்பழம் சாப்பிட்டவர்களுக்குக் கருப்பை வாய் கொஞ்சம் முன்னதாகத் திறந்திருந்ததாகச் சிறு ஆய்வுகள் உண்டு. சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. நடப்பது உடம்புக்கு நல்லது, வலியைக் கொண்டுவரும் என்பதற்குச் சான்று குறைவு. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்கும் வாந்தியும் எடுத்து, நீர்ச்சத்து வற்றிய உடம்போடு பிரசவ அறைக்குப் போவதில் என்ன லாபம்?

## வலி வரவழைப்பது என்றால் என்ன செய்வார்கள்

முதலில் உள்பரிசோதனை. எட்வர்ட் பிஷப் 1964இல் கொடுத்த மதிப்பெண் முறைதான் இன்றும்: கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருது, எந்தப் பக்கம் பார்க்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. மொத்தம் 13 மதிப்பெண். தயாராகாத கருப்பை வாய் தொட்டால் மூக்கு நுனி போல இருக்கும், தயாரானது உதடு போல இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். 8க்கு மேல் என்றால் தானாக வலி வந்ததற்கு ஏறத்தாழச் சமம். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதலில் கருப்பை வாயை மிருதுவாக்க வேண்டும்.

கையுறை அணிந்த விரலால் பனிக்குடச் சவ்வைக் கருப்பைச் சுவரிலிருந்து சுற்றிலும் விலக்கிவிடுவது எளிய வழி. அசௌகரியமும் லேசான ரத்தக் கசிவும் இருக்கும். தானாக வலி வரும் வாய்ப்பைக் கூட்டும். அடுத்தது "ஜெல் வைப்பது": ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் சிரிஞ்சிலிருந்து கருப்பை வாயை மிருதுவாக்கும் டைனோப்ரோஸ்டோன் மருந்தை 0.5 மில்லிகிராம் அங்கே வைப்பார்கள், தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி. மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் உண்டு, 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில். மருந்தே இல்லாத வழியும் இருக்கிறது: சிறுநீர்க் குழாயாகப் பயன்படும் ஃபோலி கதீட்டரைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி அதன் பலூனில் நீர் நிரப்பினால், வாய் மெல்ல விரிந்து பலூன் தானே நழுவி விழும். இதற்கெல்லாம் அப்புறம்தான் பனிக்குடத்தை உடைப்பதும் ஆக்சிடோசின் டிரிப்பும். இந்த வலி தானாக வருவதைவிடக் கடுமையாக இருக்கலாம். கருப்பை அளவுக்கு மீறிச் சுருங்கினால் குழந்தையின் துடிப்பு குறையும் என்பதால் கண்காணிப்பு அவசியம்.

தலைப்பிரசவத்தில் ஜெல் வைத்ததிலிருந்து குழந்தை வரை ஒரு நாள், ஒன்றரை நாள் ஆவது சாதாரணம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாததால்தான் "காலைல ஜெல் வச்சாங்க, சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகல, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று அவர்களே போய்க் கேட்கிறார்கள். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைந்து ஆக்சிடோசின் ஓடத் தொடங்கி 12 முதல் 18 மணி நேரமாவது ஆகாமல் "வலி வரவில்லை, தோல்வி" என்று முடிவு கட்டக் கூடாது என்பதே இப்போதைய வழிமுறை.

## டாக்டரிடம் கேட்க வேண்டியவை

1. என் தேதி எந்த ஸ்கேனை வைத்துப் போடப்பட்டது?
2. 40 வாரம் தாண்டியது தவிர வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா?
3. நீர் எவ்வளவு, துடிப்பு எப்படி, குழந்தையின் எடை எவ்வளவு?
4. கருப்பை வாய் தயாரா? இல்லையென்றால் முதலில் என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?
5. 41 வரை காத்திருந்தால் எந்தெந்த நாளில் பரிசோதனைக்கு வர வேண்டும்?
6. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் அறுவை அரங்கும் மயக்க மருத்துவரும் ரத்தமும் இங்கே இருக்குமா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா?

ஆறாவது கேள்வியின் பதிலைப் பொறுத்து ஐந்தாவதின் பதில் மாறலாம். பெரிய மருத்துவமனைக்குப் பத்து நிமிடத் தூரத்தில் இருப்பவர் 41 வாரம் வரை வீட்டில் இருப்பதும், மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் இறங்கி வர வேண்டியவர் இருப்பதும் ஒரே காத்திருப்பு இல்லை. அப்படிப்பட்டவர்களைத் தேதிக்கு முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்கச் சொல்வார்கள். 108ஐ அழைத்துக் கிளம்பும்போது ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டியது போன வாரத்து ஸ்கேன் அல்ல. ஏழாவது எட்டாவது வாரத்தில் எடுத்த, ஓரம் மடங்கிப்போன அந்த முதல் ரிப்போர்ட்.